கண்ணாடியில் நான்கு பொட்டுகள்

நங்கையாவுக்கு,

வெள்ளையடிப்பதற்காக இன்று குளியலறைக் கண்ணாடியைக் கழற்றினோம். நீங்கள் ஒட்டிவைத்த அரக்குநிறப் பொட்டுகள் ஓரத்தில் அப்படியே இருக்கின்றன, வரிசையாக நான்கு. உங்கள் தம்பி நகத்தால் சுரண்டப் போனார். வேண்டாம் என்றேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து எதையும் சேர்த்துவைக்காத மனைவியை அவர் வியப்பாகப் பார்த்தார்.

தொண்ணூற்று நாலில், உங்கள் சிறுநீரகப் புற்று நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசியை வாரம் மூன்று முறை போட வேண்டும். மருந்து எப்போதும் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். உங்கள் சூலூரில் போன கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் வீட்டுக்காரரைத் தறிகளோடு விட்டுவிட்டு, துடியலூருக்கு எங்களிடம் வந்தீர்கள்.

அந்த ஊசி பலிக்கும் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் காய்ச்சலில் நடுங்குவீர்கள். "காச்சல் வந்தாத்தேன் கண்ணு மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பீர்கள், கம்பளிக்குள்ளிருந்து.

நாலாவது மாதம் ஒருநாள், "ஏனுங் அம்மணி, பொட்டு வெக்கற எடத்துல என்னமோ தடிச்சாப்ல இருக்குது" என்றீர்கள். நான் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பசை ஒத்துக்கலீங்க நங்கையா. வேற பொட்டு வாங்கிக்கலாம்." தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள்.

ஆறு வாரம் கழித்து, பல் துலக்கும்போது கண்ணாடியின் ஓரம் கண்ணில் பட்டது. முதல் பொட்டு மிளகளவு. அடுத்தது கொண்டைக்கடலையளவு. மூன்றாவது எட்டணாக் காசு. தடிப்பு வளர வளர அதை மறைக்கும் பொட்டும் வளர்ந்திருக்கிறது. இலையின் வளர்ச்சியை வாரம் தவறாமல் அளந்து பட்டம் வாங்கியவள் நான். தினமும் இந்தக் கண்ணாடியில்தான் முகம் பார்த்தேன்.

டாக்டர் உங்களை மாதம் இருமுறை பார்த்தார். அவர் பார்த்ததும் பொட்டைத்தான்.

அன்றே ஆர்.எஸ்.புரத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அறை வாசலில் பொட்டை எடுக்கச் சொன்னதும் பிடிவாதமாக நின்றீர்கள். "ஊட்டுக்காரரு குத்துக்கல்லாட்ட இருக்கறாரு. நான் வெறும் நெத்தியோட நிக்கறதா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் பொட்டை எடுத்துக் கைக்கடிகாரத்தில் ஒட்டிக்கொண்டேன். "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "பொட்டில்லாம உன்ற மூஞ்சி இன்னும் கடுகடுன்னு இருக்குது அம்மணி." சிரித்துக்கொண்டே எடுத்தீர்கள். அடியில் ஊதா கலந்த சிவப்பில், பளபளவென்று ஒரு கட்டி.

பழைய புற்று பரவியதல்ல. தோலில் அபூர்வமாக வரும் வேறொரு புற்று என்று சோதனையில் தெரிந்தது. "ஊசியாலயா டாக்டர்?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலைம்மா" என்றார். அவரை நான் நம்பத் தொடங்கியது அந்த நிமிடம்தான். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கழுத்துக்கு இறங்கியிருக்கும் என்றும் அவர்தான் சொன்னார்.

ஊசியை நிறுத்தினார்கள், கட்டியை வெட்டியெடுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். புண் ஆறியதும் மறுபடி ஊசி. நான் நம்பாத மருந்து உங்கள் நுரையீரல் புள்ளிகளைச் சுருக்கிக்காட்டியது. ஒவ்வொரு படத்தையும் என் முகத்துக்கு நேரே பிடித்து, "பாத்துக்கோ" என்பீர்கள். போன ஐப்பசியில் உங்களைக் கொண்டுபோனது மாரடைப்பு. அதுவரை, அத்தனை வருடமும், இரண்டு புற்றும் தலைதூக்கவில்லை.

கண்ணாடியில் நான்காவது பொட்டு கடுகளவுதான். கட்டுப் பிரித்த மறுநாள், தழும்புக்குக் கீழே, புருவ நடுவில் நீங்கள் வைத்தது. மறைக்க ஒன்றுமில்லாதபோது வைத்தது.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது "ஒண்ணுமில்ல, லேசா தடிச்சிருக்கு" என்றால், பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். எழுந்து போய், வெளிச்சத்துக்குத் திருப்பி, "எங்க, காட்டுங்க" என்கிறேன்.