பச்சைக் கயிறும் மூன்று கண் மதகும்

மஞ்சாறு கரைக்குள் அடங்கி ஓடுக. ஏரிகள் நிறைக, நிறைந்தவை உடையாதிருக்க.

நாற்பத்திரண்டு ஏரிகளுக்கும் ஏழு துறைகளுக்கும் உரிய மஞ்சாற்று நாட்டின் கோமான், வேங்கைக் கொடி உயர்த்த நன்னிவேள் அவர்களின் திருவாய்மொழி கேட்டு, நெடுங்கரை அரண்மனையிலிருந்து ஓலைநாயகம் காரி வெண்ணி எழுதுவது. கீழைத்துறை ஆவணக்களரியின் காப்பாளர் தத்தன் எயினன் காண்க. உமக்கும், உம் துறைக்கும், காலையில் களரியின் கதவு திறக்குமுன் வந்து நிற்கும் அத்தனை பேருக்கும் நலம் உண்டாகுக.

உம்மேல் ஒரு முறையீடு வந்தது. உம்மிடம் பணி செய்யும் மூத்த எழுத்தர் கோவன் பிடாரன் அனுப்பியது. நம் நாட்டுக் களரிகளில் ஒவ்வொரு சுவடிக்கட்டுக்கும் பெயர் எழுதிய முகப்போலை ஒன்று உண்டு. ஒரு தட்டில் என்னென்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், அம்முகப்போலைகளை மட்டும் அவிழ்த்துக் கருங்காலிப் பலகைமேல் பரப்பிக் காட்டுவதே முன்னோர் வைத்த முறை. எல்லா ஓலையும் ஒரே நிறம், எல்லா எழுத்தும் ஒரே அளவு. முந்நூறு ஓலைக்கு நடுவே ஒன்றைத் தேடுகிறவரின் கண் என்ன பாடுபடும் என்பதை நாமும் அறிவோம். நீரோ அம்முகப்போலைகளில் வண்ணக் கயிறு கட்டினீர்; தலைப்பில் சிறு சிறு படம் வரைந்தீர். கட்டுக்குள் கட்டாக இருப்பதற்கு நீலம், இதைச் செய்க என்று ஆணையிடும் ஓலைக்குப் பச்சை, முத்திரையிட்டு மூடியதற்குச் சிவப்பு. மீன்வரிக்கு மீன், எல்லைக்குக் கல், நீருக்கு மதகு. இதுவே பிடாரன் கண்ட குற்றம்.

விசாரிக்க நம் அதிகாரி மாறன் கீரனை அனுப்பினோம். சொன்னவர் சொன்னபடியே எழுதி வரவேண்டும் என்பது நம் கட்டளையாதலால், பிடாரன் சொன்னதும் அப்படியே வந்திருக்கிறது: “ஆவணக்களரியா இது, வளையல்கடையா? எங்க மூத்தவங்க எல்லாம் கயிறப் பாத்தா ஓலை எடுத்தாங்க? படிக்கத் தெரிஞ்சவன் வரட்டும், தெரியாதவன் திண்டாடட்டும்!” நல்லது. அவர் நாற்பது ஆண்டு படித்தவர். ஆனால் அதே வாரத்தில், அதே பலகைமுன் நடந்த ஒன்றை அவர் தம் முறையீட்டில் எழுதவில்லை. அதைக் கீரன் எழுதியிருக்கிறார்.

கீழைத்துறைப் பேரேரியின் மதகுக் காவலர் ஊரன் சேந்தி, சென்ற மழைக்காலத்தில் மதகைத் திறந்தார். ஏரி பிழைத்தது, பள்ளத்து வயல்கள் முழுகின. எவரைக் கேட்டுத் திறந்தாய் என்று வயலுடையோர் வழக்கிட்டனர். திறக்கச் சொல்லி ஆணை வந்தது, செய்து முடித்தபின் முறைப்படி அதைக் களரியில் சேர்த்தேன் என்று சேந்தி விடையிறுத்தார். நீர் கயிறு கட்டுமுன்பே களரியில் மும்முறை பரப்பிப் பார்த்தார்கள். அப்படியோர் ஆணை பலகையில் இல்லை. ஆகவே ஏழு திங்களாகக் காவற்கூடத்தில் இருக்கிறார். வருகிற அமாவாசைக்குள் ஆணை கிடைக்காவிடில் அவரை எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவது என்று ஊரவை தீர்த்தது.

நீர் நூற்றுக்கணக்கான ஓலைக்கு, எது எவர் வழக்கு என்று எண்ணாமல், பெயர் பார்த்துப் படம் வரைந்து கயிறு கட்டி முடித்தபின், நான்காம் முறை பரப்பியபோது அவர் மனைவி நாகி வந்து நின்றார். எழுத்து அறியாதவர். பலகையைப் பார்க்காமல், அதன் அருகே ஒதுக்கி வைத்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அதுல பச்சக்கயிறு ஒண்ணு தொங்குதே, அத ஏன் வைக்கல?” என்று கேட்டார். பெயருக்கு முன் புள்ளி வைத்த ஓலை, அதைப் பரப்பக்கூடாது என்று பிடாரன் அறிவித்தார். அது மெய்தான். அரண்மனைக் குறிப்புகளும் காப்பாளரின் சொந்தக் குறிப்புகளும் எல்லார் கண்ணிலும் படவேண்டாம் என்று, அவற்றின் பெயருக்கு முன் மையால் ஒரு புள்ளி இடுவதும், ‘அனைத்தும் பரப்புக’ என்று நம் முத்திரை வந்தாலன்றி அவற்றைக் கூடையிலேயே விடுவதும் விதி.

நாகி விதியைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. “எனக்கு எழுத்துத் தெரியாதுங்க சாமி. மதகு தெரியும். அந்தப் படத்துல மூணு கண்ணு இருக்கு. இந்தப் பக்கத்துல மூணு கண்ணு மதகு வேற எவன் வீட்ல இருக்கு? எங்க வீட்டுக்காரர் மதகுதான் அது” என்றார். புள்ளியைச் சுட்டிப் பிடாரன் மறுபடியும் தடுக்க, “புள்ளியா அது? பூச்சி அரிச்ச ஓட்டை! எங்க வீட்டு உத்திரத்த வந்து பாருங்க, ஆயிரம் புள்ளி இருக்கு. அப்ப எங்க வீட்டையும் கூடையில போட்டு மூடுவீங்களா?” என்றாராம். நின்றிருந்த கூட்டம் சிரித்தது. நீர் சிரிக்கவில்லை; ஓலையை எடுத்துச் சாளரத்துக்கு நேரே பிடித்தீர். மையிட்ட புள்ளி வழியே வெளிச்சம் வராது. இதன் வழியே வந்தது. அதற்குரிய கட்டை அவிழ்த்தால், மூன்று கண்ணையும் திறக்கச் சொன்ன ஆணை உள்ளே இருந்தது.

எயினரே, புள்ளி விதியை இட்டது நாம். ஓலையில் மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எழுத்தாணி பட்டால் கிழியும். ஆகையால் பெயருக்கு முன் ஒரு புள்ளி நின்றால் அது ஒளிக்கத்தான் என்று எவரும் ஐயமின்றி அறிவர் என எண்ணினோம். பூச்சியைக் கேட்க மறந்தோம். ஒரு மனிதர் ஏழு திங்கள் இருட்டில் உட்கார்ந்ததற்கு அந்த மறதியே காரணம். பிடாரன் அல்லர், நீரும் அல்லீர். பிடாரன் பணியில் தொடர்க. விதியைக் காத்தவரை விதியிட்டவர் தண்டிப்பது முறையாகாது. ஆனால் படங்களின் பொருளை வருவோர்க்குச் சொல்லும் வேலை இனி அவருடையது, நிதானமாகச் சொல்லட்டும்.

இனி ஆணை. இன்றுமுதல் ஒளிக்கவேண்டிய ஓலைக்குப் புள்ளி இடவேண்டாம்; மூடிய கண் ஒன்று வரைக. புழு புள்ளி குத்தும், கண் வரையாது. வண்ணமும் படமும் ஏழு துறைக் களரிகளுக்கும் ஆகும். எந்த வண்ணம் எதற்கு என்பதை அந்தந்தக் காப்பாளர் தம் பலகைக்கும் தம் கண்ணுக்கும் ஏற்ப வைத்துக்கொள்ளலாம். வைத்ததை வாயிலில் எழுதியும் வரைந்தும் தொங்கவிட வேண்டும். கயிற்றையும் முகப்போலையையும் தவிர உள்ளே இருக்கும் ஏட்டில் ஒரு துளி வண்ணமும் படலாகாது. மாறுவது காட்சியே, பெயரும் பொருளும் வைத்த இடமும் மாறா. மேலைக்குன்றக் களரியார் உம்மைக் கண்டு ஆசை மிகுந்து பதினேழு வண்ணம் கட்டி, இப்போது எதுவும் கிடைக்காமல் நிற்கிறார்கள் என்று கேள்வி. ஐந்தாறு வண்ணம் போதும். உமக்கும் ஒன்று சொல்லவேண்டும். கருங்காலிப் பலகைமேல் உம் கருநீலக் கயிறு தெரியவே இல்லை என்று கீரன் எழுதுகிறார். வெளிர்நீலமாக்குக.

இதனோடு இன்னோர் ஓலையும் வருகிறது. சேந்தியை விடுவித்து மதகுக் காவலில் மீண்டும் அமர்த்தும் ஆணை அது; நாமே கைச்சாத்திட்டது. அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் உண்டு. குதிரை மூன்றில் வந்துவிடும். வந்ததும் நாகியை அழையும். அவ்வாணையை எவரும் உரக்கப் படிக்கவேண்டாம். அதில் நாமே பச்சைக் கயிறு கட்டி, தலைப்பில் திறந்த கதவு ஒன்று வரைந்திருக்கிறோம். கோடு சற்றுக் கோணல்தான்; கதவென்று தெரியும். பலகையில் மற்ற முந்நூறு ஓலைகளோடு அதையும் பரப்பி, விலகி நில்லும்.

அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

வேங்கை முத்திரை பொறித்தோம். இது ஓலைநாயகம் காரி வெண்ணி எழுத்து. கண்டதும் செய்க.