அடியில் படுக்க வேண்டாத வண்டி

இன்று காலை உன் ஜீப்பின் டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தினேன். ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது, நிலைக்கவில்லை. நீ போனதிலிருந்து எட்டு மாதமாக வண்டி உன் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கிறது. சனிக்கிழமைதோறும் வந்து கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விடுகிறேன். கதவைச் சாத்தியதும் சீட்டிலிருந்து மாட்டு மருந்தும் டீசலும் கலந்த உன் வாடை எழும். எதிரே சுவர். பின்னால் பூட்டிய கேட். நடுவில் நான்.

பொத்தான் எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ சலிக்காமல் சொல்வாய். "முன்சக்கரம் ரெண்டையும் ஒரு கம்பி சேத்துக் கட்டியிருக்கு. ஸ்வே பாருன்னு பேரு. தார்ரோட்டு வளைவுல வண்டி சாயாம அது புடிச்சுக்கிரும். பாறையில ஏறுனா அதே கம்பிதான் எமன். ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்கப் போனா இன்னொண்ணு விடாது."

நீ மாட்டு டாக்டர், நான் கணக்கு வாத்தியார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சனிக்கிழமைகளில் சிறுமலைக்கு உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்புகளுக்கு நீ ஊசி போடப் போவாய். பேச்சுத்துணைக்கு நானும் வருவேன். அப்போது பொத்தான் கிடையாது. அடிவாரத்தில் சமதரையாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, அடியில் படுத்து, இரண்டு பக்கமும் பின்னை உருவிக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவாய்.

அன்று கழற்றவில்லை. மேலே ஒரு வீட்டில் மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று போனுக்கு மேல் போன். பாதி ஏற்றத்தில் இடது முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கிவிட்டது. பின்சக்கரங்கள் சும்மா சுற்றின. நீ இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாய். நான் உன் இடத்துக்கு நகர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டேன். பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தாய்.

"ஹேண்ட்பிரேக் இந்த ஏத்தத்துல நிக்காது மாப்ள. கல்லயும் நம்பாத. கால எடுத்துறாத" என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்தாய்.

டாஷ்போர்டில் இருந்த உன் போன் மறுபடி அடித்தது. அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். கால் ஒரு மூச்சு நேரம் விலகியது. பாரம் முழுவதும் கல்லின் மேல் போக, கல் வழுக்கியது. வண்டி ஒரு சாண் பின்னால் போனது. நீ கத்தினாய்.

பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அதற்குள் உன் வலது கை அச்சுக்கும் பாறைக்கும் நடுவே சிக்கிவிட்டது.

"மாப்ள, முன்னால எடுத்தா சக்கரம் என் மேல எறங்கிரும். பின்னாலயும் விட்றாத. அப்படியே இரு."

அப்படியே இருந்தேன். கண்ணாடி நிறைய வானமும் பாறையும்தான். நீ எனக்குத் தெரியவில்லை. நான் உனக்குத் தெரியவில்லை. கால் மரத்தது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கியாடா?"

"இருக்கேன். நீ?"

எத்தனை முறை கேட்டிருப்போமோ. ஒருமுறை மட்டும், "அந்த மாடு என்னாச்சோ" என்றாய்.

கடைசியில் குதிரைகளில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கியவர்கள்தான் வந்து மரத்தடிகளைக் கொடுத்து நெம்பி உன்னை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "கல்லு வழுக்கிருச்சு." எலும்பு கூடியது. விரல்களில் பிடி மட்டும் திரும்பவில்லை. மேலே கன்று பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

இனி உன்னால் பின்னை உருவ முடியாது. பழனி ரோட்டு மெக்கானிக்கிடம் நாலு நாள் உட்கார்ந்து பழைய கம்பியை எடுத்துவிட்டு, மோட்டார் வைத்த புதிய கம்பியைப் பொருத்த வைத்தாய். பொத்தானை அழுத்தினால் கம்பி நடுவில் இரண்டாகப் பிரியும். மறுபடி அழுத்தினால் சேரும். முழுக்கப் பிரிந்தால் ஆரஞ்சு விளக்கு நிலைத்து எரியும், பாதியில் நின்றால் மினுக்கும். வேலை முடிந்ததும் சாவியை என்னிடம் எறிந்தாய். "இனிமே எவனும் அடியில படுக்க வேணாம். உக்காந்த எடத்துலயே அமுக்கு. ஸ்டியரிங்கு எனக்குப் பிடிபடல, நீதான் ஓட்டணும்."

ஓட்டினேன். இரண்டு வருடம், ஒரு சனிக்கிழமை விடாமல். கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. ஒவ்வொரு ஏற்றத்திலும் கால் விலகியதைச் சொல்லிவிட வாயெடுப்பேன். நீ தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றினாயா, தெரியாமல்தான் சொன்னாயா என்று புரியாமல் வாயை மூடிக்கொள்வேன். அதற்குள் போன ஆடியில், ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு தொழுவத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

இன்று உன் மனைவி காப்பி கொண்டுவந்து ஜீப் கதவோரம் நின்றாள். "இம்புட்டுச் சிரமம் எதுக்குண்ணே? வாரா வாரம் வாரீகளே" என்றாள். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

காப்பி டம்ளரை பானெட்டின் மேல் வைத்தாள் அவள்.

"அவருகிட்டச் சொன்னீகளா?"

"இல்லம்மா."

"சொல்லியிருக்கலாம்ல. கல்ல நாந்தான் சரியா வைக்கல, வண்டி இன்னும் செத்த உருண்டிருந்தா அவனும் பள்ளத்துல போயிருப்பானேன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரு. உங்க மூஞ்சியப் பாத்து மன்னிப்புக் கேக்கத் தைரியம் வரலைன்னாரு."

சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த சனிக்கிழமை கேட்டைத் திறப்பாளா என்று தெரியாது.

இரண்டு வருடம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரே வண்டியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என் பயம், உனக்கு உன் பயம். நான் வாய் திறந்திருந்தால் நீயாவது அதிலிருந்து வெளியே வந்திருப்பாய். உனக்குச் சேர வேண்டிய ஒரு வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்து திரிகிறேன். நீ கல்லைச் சரியாகத்தான் வைத்தாய், மாப்ள.