கண்டாக்கு ஐயா மேல் விழுந்த கச்சான்

ஜனவரி 15

இதை எடுத்து வாசிப்பது யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். தலையணை உறைக்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

எனக்கு ஜப்பான் போகப் பயமாக இருக்கிறது.

எழுதிவிட்டேன். அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையில் ஒரு வீடு விடாமல் சொல்லியாயிற்று. "எம்மக பிரேமினி ஏப்ரல்ல ப்ளேன் ஏறுறா." மிசாக்கி அங்கிருந்து ஹட்டனில் எங்கள் பள்ளிக்குப் படிக்க வந்திருக்கிறாள். அதற்குப் பதிலாக நான் அவளுடைய வீட்டில் ஒரு வருடம் இருந்து படிக்க வேண்டும். தெரிவானபோது நானும் துள்ளினேன். இப்போது அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

பொங்கலுக்காக போர்டிங்கிலிருந்து அவளையும் அக்கரப்பத்தனைக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பால் நுரைத்து மேலே வந்ததும் அவள் ஓடிப்போய் எரிகிற விறகை வெளியே இழுத்துவிட்டாள். வீணாகப் போகிறதே என்று நினைத்தாளாம். எழும்பிய பால் அமுங்கிப் போயிற்று. அம்மா விறகைத் திரும்பத் தள்ளி, இரண்டாம் தடவை பொங்க வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள், மிசாக்கியும்.

நானும் சிரித்தேன். பிறகுதான் யோசனை. அங்கே போய் நான் எத்தனை விறகை இழுக்கப் போகிறேனோ? அடுத்த பொங்கலுக்கு என் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

ஜனவரி 23

போர்டிங். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். போர்டிங்குக்குப் பொறுப்பான மரியநாயகி சிஸ்டர், முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டார். பல்வலி என்றேன். பெப்ரவரி ஐந்தாம் தேதி முடிவான பதில் வேண்டுமாம். நான் மாட்டேன் என்றால் என் வகுப்பு நிலக்ஷி போவாள். அவளுக்கு எதற்குமே பயம் கிடையாது.

ஜனவரி 24

சிஸ்டர் பல்லுக்குக் கிராம்பு கொடுத்தார். நாக்கு எரிகிறது. பொய் சொன்னால் இப்படித்தான்.

ஜனவரி 31

மிசாக்கி சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்று கேட்டுவிட்டேன். பெப்ரவரி மூன்று அவர்கள் நாட்டில் பேய் விரட்டும் நாளாம். வீட்டு அப்பா பேய் முகமூடி போட்டு வருவார். பிள்ளைகள் "பேய் வெளியே, நல்லது உள்ளே" என்று கத்திக்கொண்டே எறிவார்கள். மற்ற ஊர்களில் வறுத்த சோயா. அவளுடைய ஊரில் கோதோடு நிலக்கடலை, நம் கச்சான். வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியில் விழுந்தாலும் பொறுக்கித் தின்னலாம். இந்த வருடம்தான் முதல்முறையாக அவள் இல்லாமல் எறியப் போகிறார்களாம்.

கச்சானா? ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கச்சான்தானே என்றேன். என் அப்பா பேயாக வருவார் என்றும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் இன்னொரு தடவை சோறு வாங்கினாள்.

அப்பாவிடம் இதை எப்படிக் கேட்பேன்?

பெப்ரவரி 3

நாளை பள்ளி லீவு. மிசாக்கியோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அப்பா ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். உரப்பையில் கண்ணுக்கு ஓட்டை வெட்டி, கொம்புக்கு இரண்டு கரட் கிழங்கு செருகி, கண்ணாடி முன்னால் போய் உறுமிப் பார்த்தார். அம்மா சொன்னது: "புருஷன எறிஞ்சு வெரட்டுற திருநாளா? அப்ப எனக்கும் ஒரு கை குடு புள்ள."

விளக்கு வைத்த பிறகு தொடங்கினோம். அப்பா லயத்தைச் சுற்றி வருகிறேன் என்று போனார். வெளியே ஒரே பனிமூட்டம். கதவு தட்டிய சத்தம். மிசாக்கி திறந்தாள். நீளக் கோட்டு, தலையில் ஏதோ. "பேய் வெளியே!" என்று கத்தி நான்தான் முதலில் எறிந்தேன், இருக்கிற பலமெல்லாம் சேர்த்து. அம்மாவும் எறிந்தார்.

கண்டாக்கு ஐயா!

மலையில் அப்பாவுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவர். நாளைக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட ஆள் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், பனிக்குள்ளிருந்து கரட் கொம்போடு அப்பா. அவர் முன்னால் அப்பா தொப்பியோடு நின்று நான் பார்த்ததில்லை. "ஐயா..." என்று மெதுவாகச் சொல்லி, கொம்பு இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

போச்சு. அப்பாவோட வேலை என்னாலதான் போச்சு. அதுதான் என் மனசில் ஓடியது.

ஐயா காலருக்குள் விழுந்திருந்த கச்சானை எடுத்தார். கோதை உடைத்தார். மென்றார்.

"பேய் வெளியேங்கிறீங்க. நான் வெளியதானே நிக்கிறேன், பிறகு எதுக்கு எறியிறீங்க?"

மிசாக்கிதான் இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, "நல்லது உள்ளே. வாங்க ஐயா," என்றாள்.

எந்த லயத்து வீட்டுக்குள்ளும் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வந்தார். தேத்தண்ணியும் குடித்தார்.

மிசாக்கி பெருக்கப் போனாள். அம்மா விளக்குமாற்றைப் பிடுங்கினார். விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் வீட்டு லட்சுமி போய்விடும், கையால் பொறுக்குங்கள் என்றார். எல்லாரும் முட்டி போட்டோம். கட்டிலுக்கடியில் கிடந்ததைக் கண்டாக்கு ஐயா எடுத்துக் கொடுத்தார். பனியில் அவர்களும் இப்படித்தான் பொறுக்குவார்கள் என்று சொல்லிச் சொல்லி மிசாக்கி சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

போகும்போது ஐயா அப்பாவிடம், "பொன்னையா, அடுத்த வருசம் முன்னுக்கே சொல்லிரு. ஹெல்மெட் போட்டுட்டு வாரேன்," என்றார்.

பெப்ரவரி 4

மிசாக்கியிடம் மட்டும் சொல்லிவிட்டேன், பயமாக இருக்கிறது என்று. அவள் 'பயப்படாதே' என்று சொல்லவில்லை. தானும் பிளேனில் வழி நெடுக அழுதாளாம்.

உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் ஏசுவார்களா என்று கேட்டேன். உடனே அவளுடைய அம்மாவுக்கு போன் எடுத்தாள். நிறையப் பேசினார்கள். எனக்குப் புரிந்தது 'பொங்கல்' ஒன்றுதான். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா கேக்குறாங்க. எவ்வளவு வழியணும்? கொஞ்சமா, நிறையவா?"

"நிறைய," என்றேன்.

அப்படியென்றால் அவளுடைய அப்பா துணியோடு பக்கத்தில் நிற்பாராம்.

விடிய முதல் பஸ். சிஸ்டரிடம் பல்வலி போய்விட்டது என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்தப் பதிலையும் சொல்லிவிட்டுக் கேட்பேன், ஏப்ரலில் அங்கே என்ன குளிர் இருக்கும், எத்தனை ஸ்வெட்டர் —

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா படுத்தபடியே, "பேயா, ஆளா?" என்று கேட்கிறார். மிசாக்கி எழும்பிக் கச்சான் டப்பாவை எடுத்து —