மாமாவின் வள்ளத்தை விரட்டிய கடிதம்

தூத்துக்குடி
12-2-1977

மகன் இஞ்ஞாசிக்கு அம்மா எழுதுவது. உதுமான் மாமாவின் வள்ளத்தை நம் கரையிலிருந்து விரட்டியது நீதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி. சர்வேசுரன் இரக்கத்தில் நான் சுகம், அப்பாவுக்குச் சுகமில்லை, நீ அந்த பெல்ஜியம் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

மூன்று வேதத்தாரும் கூடிப் பேசும் உன் வேலைக்காக நீ அனுப்பிய மூன்று பெரியவர்களும் போன மாதம் வந்து போனார்கள். ஜெர்மன் சாமியாரும் யூத குருவும் எகிப்து மௌலவியும் ஒரே காரிலிருந்து இறங்கியதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நான் சுறாப்புட்டு செய்து வைத்திருந்தேன், செதில் இல்லாத மீன் எங்களுக்கு விலக்கு என்று யூத குரு கூச்சத்தோடு சொன்னார், உன் தங்கை அல்போன்சா ஓடிப்போய்ச் செதிலுள்ள விளமீன் வாங்கி வந்தாள், புதுச்சட்டியில் பொரித்துக் கொடுத்தேன். நல்ல மனுஷர்கள், அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. சாப்பிட்டு முடித்ததும் யூத குரு நீ எழுதிய கட்டுரையை எடுத்தார், கூட வந்த சிஸ்டர் தமிழில் சொன்னார். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன் தன்னை மேலே இழுக்கும் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான், ஏனென்றால் கூடப் பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கும் மனம் வராது, என் அம்மாவுக்கு அண்ணன் தம்பி இல்லை, ஆகவே என் அப்பா உதுமான் என்ற முஸ்லிமை மச்சான் என்று அழைத்து இருபது வருஷமாகத் தன் உயிரை அவர் கையில் கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு, அந்த மச்சான் எங்கே, அவரைப் பார்க்கத்தான் வந்தோம் என்றார் குரு. ஊர்க் கமிட்டித் தலைவர் கிளாட்வின் அண்ணன் முந்திக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார். அப்பா தரையைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை, அந்தப் பாவம் எனக்கு உண்டு.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்னால் படகைக் கட்டிவைக்கும் இடத்துக்காக நம் பையன்கள் இரண்டு பேருக்கும் முஸ்லிம் பையன்கள் இரண்டு பேருக்கும் கைகலப்பு. அதற்காக அவர்கள் படகு ஒன்றும் நம் கரையில் நிற்கக்கூடாது, நம் ஆட்களும் அவர்கள் படகில் ஏறக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. உதுமான் மாமா, "நான் என்ன கொழும்புக்கா போறேன், மூணு மைலு தள்ளிதான தங்கச்சி, விருந்தாளி போனதும் வந்துருதேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். விருந்தாளிகள் போய் நாலு வாரம் ஆகிறது, கமிட்டி இன்னும் அவரை விடவில்லை. அப்பா இப்போது வேறு படகில் குளிக்கப் போகிறார். போன வியாழக்கிழமை தூக்கச் சொல்லிக் கீழிருந்து கயிற்றை அசைத்திருக்கிறார், மேலே பிடித்திருந்தவன் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றானாம். மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு தூக்கிப் போட்டிருக்கிறார்கள். "ஒண்ணுமில்லளா, ஒரு மூச்சு கூடிப்போச்சு" என்கிறார், இடது காது கேட்கவில்லை, திங்கட்கிழமை மறுபடியும் போவேன் என்கிறார்.

நான் நேரே கிளாட்வின் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சத்தம்போட்டேன். அவர் கோபிக்கவில்லை. "இங்கன எதுக்குளா கத்துதே, ஒம்மவன் எழுதுனதத்தான செஞ்சோம்" என்று, சண்டையைக் கேள்விப்பட்டு நீ கமிட்டிக்கு எழுதியிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். உன் கையெழுத்து, நான் கைபிடித்து எழுதப் பழக்கிய எழுத்து. விருந்தினர் கண்ணில் சச்சரவு எதுவும் படக்கூடாது, அவர்கள் வந்து போகும்வரை முஸ்லிம்களின் படகுகள் வேறு கரையில் நிற்பது நல்லது என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வேன்? மூன்று வேதத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறவன், அந்த மேசை சுத்தமாகத் தெரிவதற்காக உன் மாமாவை வெளியே நிறுத்தியிருக்கிறாய். சண்டை நடந்தது என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் என்ன? சண்டை இல்லாத ஊருக்கு அவர்கள் எதற்கு வரவேண்டும்?

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, பூசைக்கு வெறும் வயிற்றோடு நிற்காதே. மாதா உன்னைக் காக்கட்டும், பெற்றவள் ஆசீர் உனக்கு எப்போதும் உண்டு.

அம்மா,
பிலோமினா ரோச்

உதுமான் மாமாவின் வள்ளம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கமிட்டிக்கு எழுது. அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை என்று அந்த மூன்று பேருக்கும் எழுது. இரண்டிலும் ஒரு நகல் எனக்கு வேண்டும். எந்தத் தேதியில் அனுப்புவாய்?