லாட்ஜ் என்னும் ஊரைத் தேடியவள் பொருட்டு விடுத்த ஓலை

வேங்கைமலையையும் அதன் அடியில் விரிந்த பன்னிரு நாட்டையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் வேந்தர் நன்மாறவேளின் திருவுளம் அறிந்து, அமைச்சன் ஆதன் நெடுவேள் எழுதுவித்த ஓலை. தாழைத்துறைத் தலைவர் கோடனார் காண்க. உம் துறையில் மரக்கலம் குறையாதிருக்க. உம் மக்கள் போன வழியே நலமாய் மீள்க.

ஆங்கிலக் கப்பலார் உம் கரையில் இறங்கிய நாள் தொட்டு, வழிப்போக்கர் தங்கும் விடுதியை அவர்கள் சொல்லாலேயே லாட்ஜ் என்று அழைப்பதும், வீட்டுக்கு விடுக்கும் ஓலையிலும் அவ்வாறே எழுதுவதும் அங்கே வழக்கமாயின என அறிவோம். அச்சொல்லால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை நீர் அறிய வேண்டும். முழுதும் படித்த பின்னரே இதைச் சுருட்டுக.

நெடுங்கானம் என்னும் மலையூரில் மாறங்கோ என்றொரு தச்சன் இருந்தான். பாய்மரத்துக்கு மரம் தேர்ந்து செதுக்குவதில் வல்லவன் என்று கேள்வியுற்று, ஆறாண்டுகளுக்கு முன் நாமே அவனை உம் துறைக்கு அனுப்பினோம். நாற்பது நாளில் வருவதாக மனைவி செங்கொடியாளிடம் சொல்லிப் போனான். நாற்பதாம் நாள் அவன் வரவில்லை, ஓலை வந்தது. எழுத்தறியாத அவளுக்கு ஊர் ஓலைகாரர் அதைப் படித்துக் காட்டினார். 'லாட்ஜில் கிடக்கிறேன். காய்ச்சல் விடவில்லை. வந்து அழைத்துப் போ.' அவ்வளவே.

லாட்ஜ் என்பது எந்த ஊர் என்று அவள் கேட்டாள். மலையில் அச்சொல்லைக் கேட்டவர் எவருமில்லை. உம் துறைக்கு ஆள்விட்டுத் தச்சனைப் பற்றி மட்டும் கேட்டதற்கு, 'தச்சன் மாறங்கோ பணி முடித்துத் துறையை விட்டு அகன்றான்' என்று உம் காவலர் ஏட்டிலிருந்து மறுமொழி வந்தது. ஆகவே அவன் கடற்கரையை விட்டு லாட்ஜ் என்னும் ஊருக்குப் போய் அங்கே நோயில் விழுந்தான் என்று கொண்டாள். நடக்கத் தொடங்கினாள். வடக்கே ஆற்றூர்கள், மேற்கே காட்டூர்கள், எங்கும் ஒரே கேள்வி. களைத்து வீடு திரும்பும்போதெல்லாம் மற்றோர் ஓலை காத்திருக்கும். திங்கள்தோறும் ஒன்று, அதே கையெழுத்து, அதே மூன்று வரி. மலையடிச் சுங்கச்சாவடியின் ஓலைப்பையில் அது கிடக்கும். போட்டவர் யாரென்று காவலர் எவரும் கண்டதில்லை.

இரண்டாம் ஆண்டில் அவள் நம் வாயிலுக்கும் வந்தாள். ஊர்ப்பெயர் ஏடுகளைப் புரட்டச் செய்து, அப்படி ஓர் ஊர் இந்நாட்டில் இல்லை என்று எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தோம். அவ்வெழுத்தை வைத்தது நம் கை. உம் துறையிலிருந்து வந்த எத்தனையோ குறிப்புகளில் அதே சொல்லைப் படித்தும், அவள் கேட்டபோது அது நம் நினைவுக்கு வரவில்லை.

சென்ற ஆவணியில் உப்பு வண்டியோடு மலையேறிய நெய்தலாள் ஒருத்தி அவள் கேள்வியைக் கேட்டுத் திகைத்து நின்றாளாம். அவர்கள் பேசியதைச் செங்கொடியாள் அவையில் சொன்னபடியே எழுதுகிறோம்.

"லாட்ஜா? அது ஊரில்லம்மா. வெளியூர்க்காரங்க காசு குடுத்துத் தங்குற வீடு. எங்க தொறையில தெருவுக்கு ஒண்ணு இருக்கு."

"வீடா? ஆறு வருசமா நான் வீட்டையா ஊருன்னு தேடினேன்?"

அன்றே கீழிறங்கி, நான்காம் நாள் உச்சிப்பொழுதில் உம் துறையை அடைந்தாள். மூன்றாவதாக அவள் ஏறிக் கேட்டது கலங்கரை விளக்கத்தின் பின்தெருவில் உள்ள விடுதி. அதை நடத்தும் முத்தி என்பவள் தச்சன் பெயரைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு வந்த ஆறாம் நாளே காய்ச்சல்ல போயிட்டாரு தாயி. எந்த ஊருன்னு கேட்டோம், மலைன்னு மட்டும் சொன்னாரு. பின்னால புன்னை மரத்தடியில நாங்கதான் பொதைச்சோம்."

செங்கொடியாள் தன் மடியிலிருந்த ஓலைக்கட்டை அவிழ்த்து வைத்தாள். எழுபத்தோர் ஓலைகள். கடைசி ஓலையின் பச்சை இன்னும் மாறவில்லை. முத்தி அதைத் தொடவில்லை.

"அவரு கெடந்த மேல் அறையைப் பூட்டி வெச்சிருக்கேன்," என்றாளாம். "யாரும் தங்க மாட்டேங்குறாங்க. படுத்தா காதுகிட்ட யாரோ எழுதுறாங்கன்னு எந்திரிச்சு ஓடிடுறாங்க."

திறவுகோலை வாங்கிக்கொண்டு செங்கொடியாள் தனியே மேலேறினாள். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் தூசி இல்லை. சாளரத்தின் வழி வெயில் விழுந்த இடத்தில் ஒரு கோரைப்பாய், அருகே எழுத்தாணி, சுற்றிலும் அப்போதுதான் சீவிய ஓலையின் ஈரச் சீவல்கள். அவள் பாயின் ஓரத்தில் அமர்ந்தாள். சற்று நேரத்தில், ஆணி ஓலையைக் கீறும் ஒலி அவள் முழங்காலுக்கு அருகே எழுந்தது. அஞ்சினாயோ என்று வேந்தர் வினவியபோது, அஞ்சவில்லை, வெட்கமாக இருந்தது என்றாள்.

"நான் வந்துட்டேன்," என்று அவள் அவ்வறையில் சொன்னாள். "நீங்க சொன்ன எடம் எனக்குப் புரியல. அதான் நாளாயிருச்சு. எந்திரிங்க, போவோம்."

கீறல் நின்றது. அவள் எழுந்து, கதவை விரியத் திறந்து வைத்து, ஒருவர் கடக்கும் அளவு நேரம் ஒதுங்கி நின்று, பின்பு இறங்கினாள். நான்கு நாள் மலைவழியில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரு இலையில் சோறிட்டாள். அதன்பின் மூன்று திங்கள் கழிந்தன. ஓலைப்பையில் அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஆதலின் நம் ஆணை இது. லாட்ஜ் என்னும் சொல்லை உம் மக்கள் தெருவிலும் கடையிலும் வழங்குவதை நாம் தடுக்கவில்லை. ஆயின் வீட்டாருக்கு ஓலை விடுப்போர், தாம் தங்கும் விடுதியை அவ்வீட்டார் அறிந்த சொல்லால் எழுதி, ஊரும் தெருவும் சேர்த்தே விடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுப்போரும் இதைக் காக்க. 'துறையை விட்டு அகன்றான்' என்று பொய்யாய்ப் பதிந்த ஏட்டை அழித்து, 'இத்துறையில் இறந்தான்' என்று எழுதுக. அவ்வறையின் பூட்டை அகற்றுக. ஊர் இல்லை என்று நாம் கொடுத்த முத்திரையோலையைத் திரும்பப் பெற்று, வேந்தர் முன்னிலையில் நாமே முறித்தோம் என்பதையும் அறிக.

இன்னும் ஒன்று. செங்கொடியாள் மலையேறிய நாளில், சுங்கச்சாவடிக் காவலன் தன் ஏட்டில், 'நெடுங்கானத்தார், இருவர் சென்றனர்' என்று பதிந்திருக்கிறான். மேற்பார்வையாளர் அதைப் பிழையென்று கொண்டு அவனை வினவ, தான் எண்ணியே எழுதியதாக அவன் உறுதி கூறினான். அவ்வரியை எவரும் திருத்தலாகாது.

கார்த்திகைத் திங்கள் ஒன்பதாம் நாள், வேங்கை முத்திரை பதித்து விடுத்தோம். கேட்டோர் நிற்க, செய்வோர் செல்க.