யார் வீட்டுப் பரம்பரை

செம்பாக்கம்
20.1.2025

அன்பு மகன் சாலமனுக்கு அம்மா தபீதாள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாம் சுகம், என் முட்டி தவிர. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் மகள் சினேகா போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்புவாள்.

நீ வாங்கிய நெல் குடோன் வீடாகிவிட்டது. நெல் கொட்டிய இடத்தில் சோபா. ஓட்டுக்கு நடுவில் கண்ணாடி. உன் இன்ஜினியர் சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டிருக்கிறான், பூசாததற்கும் கூலியாம்! சமையல்கட்டு நன்றாயிருக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

நேற்று வீட்டுப் பிரதிஷ்டைப் பத்திரிகை வந்தது. சினேகா சத்தமாக வாசித்தாள்: "எங்கள் பரம்பரை நெற்களஞ்சியம், இன்று எங்கள் இல்லம்."

எவன் பரம்பரை? அது பெரிய வீட்டு ஏகநாதன் குடோன். நான் அதில் கூலிக்கு மூட்டை சுமந்தவள். பத்திரிகைக் கட்டு என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வேறு அச்சடி.

உன் அம்மா,
தபீதாள்

மஸ்கட்
24.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ போனை எடுக்காததால் நானும் கடிதம் எழுதுகிறேன். அந்த வரி இன்ஜினியர் எழுதிக் கொடுத்தது. வாங்கிய பிறகு நம்முடையதுதானே? சினேகாவைப் பெண் கேட்கும் காட்டாங்குளத்தூர் குடும்பமும் பிரதிஷ்டைக்கு வருகிறது. படித்தவர்கள். அவர்கள் முன்னால் மூட்டை, கூலி எல்லாம் எதற்கு? அதை மறக்கத்தானே இத்தனை வருஷம் இந்த வெயிலில் நின்றேன்.

பத்திரிகைக் கட்டை சினேகாவிடம் கொடுத்துவிடு. இந்த ஒரு முறை எனக்காக.

சாலமன்

செம்பாக்கம்
27.1.2025

அன்பு மகனுக்கு,

நீ மறந்துகொள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

குடோனை விட்டு வரும்போது பெண்கள் நாங்கள் வாசலில் நின்று மடியை உதற வேண்டும். ஒரு நெல் விழுந்தாலும் அன்றைய கூலி போச்சு. ஒருநாள் ஏகநாதனின் கணக்குப்பிள்ளை என்னை நிறுத்தினான். "இன்னாடி, மடில பொத்திக்கினு போற? அவுத்துக் காட்டு!"

"நெல்லு இல்ல சாமி, புள்ள. ஏழு மாசம்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் நம்பவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

அந்தப் பிள்ளை நீ. உன்னைத்தான் திருட்டு நெல் என்றான். உன் அப்பாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அரிவாளை எடுத்திருப்பார். அந்தக் கணக்குப்பிள்ளை செத்தபோது தெருவே போனது. நான் போகவில்லை.

அந்த வாசலையா நீ பரம்பரை என்று எழுதுகிறாய்? கட்டைக் கொடுக்க மாட்டேன்.

தபீதாள்

செம்பாக்கம்
7.2.2025

அன்பு மகன் சாலமனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. "அப்பா பாத்துட்டாரு ஆயா, ப்ளூ டிக் வந்துச்சு" என்றாள் சினேகா. பார்த்தால் போதும்.

தாம்பரம் பிரஸ்ஸில் நானே வேறு பத்திரிகை அடித்துவிட்டேன். "தபீதாள் கூலிக்கு மூட்டை சுமந்த குடோனை அவள் மகன் சாலமன் வாங்கி வீடாக்கியிருக்கிறான். எல்லாரும் வாங்க."

"இப்டி யாரும் போட மாட்டாங்க ஆயா" என்றான் பிரஸ்காரன்.

"யாரு புள்ளயும் வாங்கல, என் புள்ள வாங்கிக்கீறான். போடுடா" என்றேன்.

காட்டாங்குளத்தூருக்கு சினேகாவே எடுத்துப் போனாள். "இது புடிக்காத வீட்டுக்கு நான் எதுக்கு ஆயா போவணும்?" என்கிறாள்.

முதல் பத்திரிகையை நான் ஏகநாதன் பேரன் லோகநாதன் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். பிறகு, "உள்ள வாங்க, உக்காருங்க" என்றான். நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். காபி வந்தது. அவசரமே படாமல் குடித்தேன்.

பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பிரதிஷ்டை. ரிப்பன் வெட்ட உன் பேரைத்தான் பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு நெத்திலிக் குழம்பும் உண்டு. வெட்கமாக இருந்தால் மஸ்கட்டிலேயே இரு. கத்தரிக்கோல் என்னிடம்தான் இருக்கிறது.

உன் அம்மா,
மூட்டை சுமந்த தபீதாள்