வேணுகோபால் பெயரில் ஒரு திருத்தம்

லோத்குண்டா, செகந்திராபாத்
3 மார்ச் 2008

அன்புள்ள லலிதா,

காலேஜில் மூன்று வருஷம் பக்கத்து மேஜைக்காரி, இப்படியா மறந்துபோவாய்? பாப்பாவுக்கு மூன்று மாசம். சளி, என் பயம், மறுபடி சளி.

நீங்கள் நாலு பேர் சேர்ந்து இலவசமாகக் கொடுக்கிற தமிழ் நாட்காட்டி மென்பொருளில்தான் அவளுடைய தடுப்பூசித் தேதி பார்க்கிறேன். 2007 ஜனவரி என்கிறது. அவள் பிறந்ததே 2007 டிசம்பரில்! நிரலைத் திறந்து பார்த்தேன். வருஷம் மாறுகிற இடத்தில் கணக்கு பிசகுகிறது. நானே திருத்தி அனுப்பலாமா? யாருக்கு, எப்படி? இருபத்தெட்டாம் தேதி மாதாப்பூரில் இன்டர்வியூ. வேலையை விட்டு இரண்டு வருஷமாக என்ன செய்தாய் என்று கேட்பார்களே, காட்ட ஒன்றாவது வேண்டும்டி.

பூர்ணா

*

கோயம்புத்தூர்
5 மார்ச் 2008

அடி பூர்ணா,

தாராளமாக அனுப்பு. முதலில் எங்கள் மடல் குழுவில் தப்பு என்னவென்று எழுது. ஒரு திருத்தத்தில் ஒரே ஒரு தப்பைத் தொடு. பக்கத்து வரி கோணலாக இருந்தாலும் கை வைக்காதே. ஓட்டிப் பார்த்த சோதனையையும் சேர்த்து அனுப்பு. சந்தானம் என்று ஒருத்தர் பரிசோதிப்பார், சிடுமூஞ்சி. அழாதே. அவர் சரி என்றால் நான் சேர்த்துவிடுவேன். அப்புறம் அந்த வரியோடு உன் பேரும் எப்போதும் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பாப்பாவுக்கு முத்தம்.

லலிதா

*

லோத்குண்டா
20 மார்ச் 2008

லலி,

சந்தானம் இரண்டு தடவை திருப்பினார். "வீடு முழுக்க வெள்ளையடிக்கச் சொல்லலை, விரிசலை மட்டும் பூசுங்க" என்று எழுதினார். பாப்பா தூங்குகிற அரைமணி அரைமணியாக உட்கார்ந்து மூன்றாவது தடவை அனுப்பினேன். நேற்று புது வெளியீட்டில் சேர்ந்துவிட்டது. ஆசையாகத் திறந்து பார்த்தால், திருத்தியவர்: வேணுகோபால்!

லேப்டாப் என் வீட்டுக்காரருடையது. அதில் பதிந்திருந்த பேரைத் திருத்தம் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை. அவரிடம் சொன்னால், "யார் பேரா இருந்தா என்ன, ஒரே வீடுதானே?" என்கிறார்.

மாற்றிவிடேன். எட்டே நாள்தான் இருக்கிறது.

பூர்ணா

*

கோயம்புத்தூர்
22 மார்ச் 2008

பூர்ணா,

தப்பு என்னுடையதும்தான். வெளியீட்டு அவசரத்தில் பேரைக் கவனிக்கவில்லை. வெளியே போன பதிவை இப்போது மாற்றினால், அதை இறக்கி வைத்திருக்கிற எல்லாருடைய பிரதியும் குழம்பும். சந்தானத்திடம் கெஞ்சிப் பார்த்தேன், முடியாது என்கிறார். நியாயம்தான். பங்களித்தவர் பட்டியலில் உன்னைச் சேர்க்கலாம்; ஆனால் அது ஜூன் வெளியீட்டில்தான் வரும். நடந்ததை எழுதி இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இன்டர்வியூவில் காட்டிப் பார்.

லலிதா

*

லோத்குண்டா
29 மார்ச் 2008

அன்புள்ள லலி,

உன் கடிதத்தைக் காட்டினேன். இன்டர்வியூ எடுத்த மனிதர் அதை ஓரமாக வைத்துவிட்டு, இணையத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்தார். "வேணுகோபால் யாரு, மீ ஆயனா?" என்றார். வீட்டுக்காரர்தான் என்றேன். நல்ல வேலை, அவரையே வரச் சொல்லுங்களேன் என்று சிரித்தார். பாப்பாவுக்குப் பால் நேரம் வேறு தாண்டியிருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

லேப்டாப்பில் என் பேரைப் பதிந்து வைத்தேன். சாயங்காலமே வீட்டுக்காரர் பழையபடி மாற்றிவிட்டார். ஆபீஸ் பொருளாம்.

இன்னொரு தப்பு கண்ணில் பட்டது. பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த குழந்தைக்கு ஒரு தேதிகூட வருவதில்லை. போன மாசம் அன்றைக்கு எத்தனை பிறந்திருக்குமோ! ஜூன் வரை வைக்காதே. திருத்தத்தைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரே ஒரு வரிதான். நீயே சேர்த்துவிடு.

யார் பேரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று எழுதினேன். அழித்துவிட்டேன். இங்கே கீழே இருக்கிறபடியே பேரைப் போடு.

சா. பூர்ணா